புறாத்தீவுப் படகுப் பதிவுப் படிவம்: ஸ்கிரிப்ட் எவ்வளவு போதும்?

9 ஏப்ரல் 2024, கேள்வி

நிலாவெளியில மாமாட போட் ஓடுது, புறாத்தீவுக்கு ஆக்களை ஏத்துற வேலை. பதிவுக்கு நான் ஒரு படிவம் செய்து குடுத்தனான். பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், திகதி, பெரியாக்கள் எத்தனை பேர், சின்னாக்கள் எத்தனை பேர். நிரப்பி அனுப்பினா சேர்வரில ஓடுற பி.எச்.பி. பக்கம் ஒண்டு மாமாக்கு மெயில் போடும். பாதிப் பேர் பிழையாத்தான் நிரப்புகினம். பிரவுசரில ஓடுற ஜாவாஸ்கிரிப்ட் போட்டு எல்லாப் பெட்டியையும் செக் பண்ணினா இனிப் பிழையே வராதுதானே? எங்க இருந்து தொடங்கிறது?

9 ஏப்ரல், இரவு

பிழை வரும் தம்பி. வேறு மாதிரியான பிழை வரும்.

முதலில் ஸ்கிரிப்டை மறந்துவிட்டு எச்.டி.எம்.எல்லிலேயே இருப்பதை எடுங்கோ. கட்டாயம் நிரப்ப வேண்டிய பெட்டிக்கு 'ரிக்வயர்ட்' என்ற ஒற்றைச் சொல் போதும், வெறுமையாக விட்டால் பிரவுசரே மறிக்கும். ஆள் எண்ணிக்கைக்கு ஆகக் குறைந்தது 'மின்', ஆகக் கூடியது 'மேக்ஸ்'. அடையாள அட்டை எந்த வடிவில் இருக்கவேண்டும் என்று சொல்ல 'பேட்டர்ன்'. ஒரு காலத்தில் இதற்கெல்லாம் பக்கம் பக்கமாக ஸ்கிரிப்ட் எழுதினோம். 2014இல் எச்.டி.எம்.எல் 5 முறையான தரமாக வந்ததற்கு முன்னரே பிரவுசர்கள் இவற்றைப் பழகிவிட்டன. இன்று உங்கள் மாமாவின் வாடிக்கையாளர் கையில் இருக்கிற எந்தப் போனும் இதைச் செய்யும்.

குறிமுறையை இங்கே ஒட்டப் போவதில்லை. பெயரைச் சொல்கிறேன், எம்.டி.என். என்ற வலை நிரலாக்க உதவித் தளத்தில் தேடினால் உதாரணத்தோடு கிடக்கும்.

10 ஏப்ரல்

ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் இல்லாமல் இதெல்லாம் செய்ய ஏலாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2006இல் அது வந்தபோது உண்மையாகவே கை கொடுத்தது. ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒவ்வொரு விதமாக எழுதிய காலம் அது. ஆறு பெட்டிப் படிவத்துக்கு இன்றைக்கு வேண்டாம். ரியாக்ட் என்ற இன்னொரு நூலகத்தைச் சொன்னவருக்கும் அதே பதில், கொஞ்சம் கூடின சத்தத்தோடு.

10 ஏப்ரல், பின்னேரம்

படிவத்தை அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். பாதி நிரப்பின மெயில் ஏன் வருகிறது என்பதற்கு ஸ்கிரிப்டே தேவையில்லை. 'விலை பார்க்க' என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதற்கு வகை எதுவும் எழுதவில்லை. படிவத்துக்குள் இருக்கிற பட்டனுக்கு வகை சொல்லாவிட்டால் பிரவுசர் அதை அனுப்பும் பட்டனாகவே எடுத்துக்கொள்ளும். சனம் விலை பார்க்கத்தான் அமத்துகிறது, உங்கள் படிவம் போய்விடுகிறது. வகையை 'பட்டன்' என்று மாற்றுங்கோ. பழி முழுவதையும் வாடிக்கையாளர் தலையில் போட்டிருந்தோம்.

11 ஏப்ரல்

இனி விலைக் கணக்கு. பெட்டிக்குள் இருக்கிறது எதுவாக இருந்தாலும் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது எழுத்துச் சரம்தான். வகை 'நம்பர்' என்று போட்டிருந்தாலும் 'வேல்யூ' கேட்டால் எழுத்தாகத்தான் வரும். பெரியவர் 2, சின்னவர் 1 என்று இருக்கையில் கூட்டல் குறி போட்டால் கிடைப்பது 21. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்துவிடும். 21 பேருக்கு லைஃப் ஜாக்கெட் தேடி மாமா உப்புவெளி வரை போக வேண்டி வரும்.

இதில் கள்ளத்தனம் என்னவென்றால் கழித்தலும் பெருக்கலும் சரியாக வேலை செய்யும். 5 என்ற எழுத்தில் இருந்து 2 என்ற எழுத்தைக் கழித்தால் 3 வரும், ஏனென்றால் எழுத்தைக் கழிக்க முடியாது, எண்ணாக மாற்றித்தான் ஆகவேண்டும். கூட்டலுக்கு மட்டும் இரண்டு வேலை. அதனால் ஆள் எண்ணிக்கையை விலையால் பெருக்கிப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நினைப்போம், கூட்டும் இடத்தில்தான் குட்டு வெளிப்படும்.

'நம்பர்' என்று எழுதி அடைப்புக்குள் போட்டு மாற்றிவிட்டுக் கூட்டுங்கோ. சின்னவர் பெட்டியை வெறுமையாக விட்டால் அது 0 என்று எடுக்கும், உங்களுக்கு அதுதான் வேண்டும். 'பார்ஸ் இன்ட்' வெறுமைக்கு 'நான்' என்று தரும், அதாவது எண்ணே இல்லை என்று. பிறகு மொத்த விலையில் 'நான் ரூபாய்' என்று வந்து நிற்கும். தமிழில் வாசித்தால் யாரோ கை உயர்த்திய மாதிரி இருக்கும்.

11 ஏப்ரல், சற்றுப் பிறகு

மொத்த விலையை ஒளிந்த பெட்டியில் வைத்து சேர்வருக்கு அனுப்பாதேங்கோ. பிரவுசரில் இருக்கிற எதையும் பாவிப்பவர் மாற்றலாம், அதற்குப் பெரிய வித்தை தெரிந்திருக்கத் தேவையில்லை. ஆள் எண்ணிக்கை மட்டும் போகட்டும், விலையை பி.எச்.பி. திரும்பக் கணக்கிடட்டும். ஸ்கிரிப்ட் காட்டுகிற விலை கண்ணுக்கு மட்டும்.

மற்றப் பெட்டிகளுக்கும் இதே கதைதான். பிரவுசரில் செய்கிற சோதனை நிரப்புகிறவருக்கு உதவி, அவ்வளவுதான். சேர்வரில் செய்வதுதான் காவல். இதை இதற்கு மேல் இந்த இழையில் சொல்லப் போவதில்லை.

15 ஏப்ரல்

வருடப்பிறப்புக்கு இரண்டு மூன்று நாள் ஒதுங்கிவிட்டேன். அதற்குள் பெயர்ப் பெட்டியை வைத்து இங்கே சண்டை நடந்திருக்கிறது.

'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு பெட்டி வைக்கச் சொன்னவர் திருகோணமலையில் யாருக்காவது படிவம் நிரப்பிக் கொடுத்துப் பார்த்ததுண்டா? எங்களுக்குத் தகப்பன் பெயர், தன் பெயர். எது முதல், எது கடைசி? கிண்ணியாவில் இருந்து வருகிறவருக்கு 'முஹம்மது' முன்னால் நிற்கும், அவரை வீட்டில் கூப்பிடுவது பின்னால் இருப்பதை வைத்து. கந்தளாயில் இருந்து வருகிற சிங்கள ஆளுக்கு முதலெழுத்துகளே ஒரு வரி வரும். ஒரே பெட்டி வையுங்கோ. மேலே 'பெயர்' என்று மட்டும் எழுதுங்கோ. படகுக்காரருக்குத் தேவை கரையில் நின்று கூப்பிட ஒரு பெயர்.

அடுத்தது, பெயரில் எழுத்து மட்டும் வரவேண்டும் என்ற சோதனை. இணையத்தில் இருந்து எடுத்து ஒட்டுகிற ரெஜெக்ஸ், அதாவது எழுத்து வடிவத்தைச் சோதிக்கிற சூத்திரம், ஏ முதல் இசட் வரை மட்டும்தான் விடும். தமிழில் பெயர் எழுதினால் சிவப்புக் கோடு. சரி, எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற யூனிகோடில் எந்த மொழி எழுத்தும் என்று ஒரு வகுப்பு இருக்கிறது, 2018க்குப் பிறகு ஜாவாஸ்கிரிப்டிலும் வந்துவிட்டது, அதைப் போடலாம் என்பீர்கள். அங்கேயும் பொறி இருக்கிறது. யூனிகோடுக்கு க, ம, ல எழுத்து. புள்ளியும் கால், கொம்பு, விசிறியும் எழுத்து இல்லை, 'குறி' என்ற தனி வகை. எழுத்து மட்டும் விடு என்றால் 'கமலன்' ன்னாவின் புள்ளியில் மாட்டிக்கொள்வார். உள்ளே போகக்கூடியவர் 'பரத' மாதிரி ஒன்றிரண்டு பேர். குறி வகுப்பையும் சேர்க்கவேண்டும், முதலெழுத்துக்குப் பின் வருகிற புள்ளியையும் இடைவெளியையும் சேர்க்கவேண்டும்.

சேர்த்து முடித்த பிறகு யோசித்துப் பாருங்கோ, எதைத்தான் தடுத்தீர்கள்? பெயருக்கு நான் போடுகிற ஒரே சோதனை வெறுமையா என்பது.

15 ஏப்ரல், இரவு

நீளத்தைப் பற்றிக் கேட்டவருக்கு. 'கோணேஸ்வரி' நாங்கள் எண்ணினால் ஐந்து எழுத்து: கோ, ணே, ஸ், வ, ரி. ஜாவாஸ்கிரிப்டின் 'லெங்த்' 9 என்று சொல்லும். உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி. 20 எழுத்துக்கு மேல் விடாதே என்று பெட்டிக்கு எல்லை போட்டால் தமிழில் எழுதுகிறவருக்கு ஏறத்தாழ பாதிதான் கிடைக்கும். கண்ணால் பார்க்கிற எழுத்தாக எண்ண 'இன்டல் செக்மென்டர்' இருக்கிறது. பெயருக்கு அது வேண்டாம், எல்லையைத் தாராளமாக வைத்தால் போதும்.

இன்னொன்று. 'கோ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று பிரித்து முன்னும் பின்னும் போட்ட மாதிரி இரண்டாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்று, ஒப்பிட்டால் வேறு. பெயரைத் தேடப் போகிறீர்கள் என்றால் 'நோர்மலைஸ்' செய்து, எல்லாவற்றையும் ஒரே வடிவாக்கிவிட்டுத் தேடுங்கோ.

17 ஏப்ரல்

அடையாள அட்டைக்கு வருவோம். இது சுவையான பகுதி, கொஞ்சம் நீளும்.

பழையது ஒன்பது இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் எழுத்தும். 2016 முதல் வருவது பன்னிரண்டு இலக்கம், எழுத்து இல்லை. இன்னும் இரண்டும் புழக்கத்தில் இருக்கிறது. புதியதற்கு மட்டும் எழுதிவிட்டால் அப்பா அம்மா வயதுக்காரர் எல்லோரும் வெளியே நிற்பார்கள். பழையதற்கு மட்டும் எழுதின படிவங்களும் இன்னும் கண்ணில் படுகிறது.

இலக்கத்துக்குள் பிறந்த நாள் இருக்கிறது. பழையதில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள். புதியதில் ஆண்டு நாலு இலக்கம், பிறகு அதே மூன்று. பெண்களுக்கு நாளோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே அந்த மூன்று இலக்கம் 1 முதல் 366க்குள், அல்லது 501 முதல் 866க்குள் இருக்கவேண்டும். வேறு எது வந்தாலும் தட்டச்சுப் பிழை. பழையதைப் புதியதாக்குவதும் சுலபம்: முன்னால் 19, நாள் இலக்கத்துக்குப் பின்னால் ஒரு 0, எழுத்தை விட்டுவிடுங்கோ.

இதில் இருந்து பிறந்த திகதி கண்டுபிடிக்கப் போகிறவர்கள் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. அட்டை எல்லா ஆண்டையும் லீப் ஆண்டாகவே எண்ணும். பெப்ரவரி 29க்கு எப்போதும் 60ஆம் இடம் ஒதுக்கியிருக்கும், அந்த ஆண்டில் 29 இருந்தாலும் இல்லாவிட்டாலும். 1990 மார்ச் 1இல் பிறந்த ஆணின் அட்டையில் 061 இருக்கும். நாட்காட்டிப்படி அது 60ஆவது நாள்தான். ஜாவாஸ்கிரிப்டின் திகதிக் கணக்கில் 61ஐக் கொடுத்தால் மார்ச் 2 என்று சொல்லும். ஜனவரியிலும் பெப்ரவரியிலும் பிறந்தவர்களை வைத்துச் சோதித்தால் பிழை தெரியவே வராது.

17 ஏப்ரல், பிறகு

எழுத்து வீ சிறியதாக வரும், பெரியதாக வரும், முன்னால் இடைவெளியோடு வரும். அதற்காக ஆளை மறிக்காமல் நீங்களே இடைவெளியை வெட்டிப் பெரிய எழுத்தாக்குங்கோ. இரண்டு வரி வேலை.

18 ஏப்ரல்

இரவு முழுக்க யோசித்ததில் மனம் மாறிவிட்டது. இந்த இலக்கம் உங்களுக்கு எதற்கு?

உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் புறாத்தீவுப் பூங்கா டிக்கட் விலை வேறு, அதனால் கேட்கிறோம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். டிக்கட் எடுக்கிற இடத்தில் எப்படியும் அட்டையைக் காட்டத்தான் வேண்டும் என்று மாமாவே சொன்னதாகவும் அதே பதிவில் இருக்கிறது. அப்படியென்றால் 'உள்ளூரா, வெளிநாடா' என்று ஒரு கேள்வி போதும். இலக்கத்தை மெயிலில் வாங்கி வைத்தால் அதைப் பாதுகாக்கிற பொறுப்பும் உங்கள் தலையில்தான். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் ஒன்று நிறைவேறியிருக்கிறது. அது இல்லாவிட்டாலும், அடையாள அட்டை இலக்கத்தையும் போன் நம்பரையும் ஒன்றாகச் சேர்த்து யாருடையதோ இன்பொக்ஸில் கிடக்க விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேட்காத பெட்டிக்குச் சோதனை எழுதத் தேவையில்லை. நேற்றைய நீண்ட குறிப்பு வேறு யாருக்காவது உதவும், அழிக்க மாட்டேன்.

18 ஏப்ரல், பின்னேரம்

இல்லை, கட்டாயம் வேண்டும் என்கிறார் மாமா. சரி. மாமாவோடு நான் வாதாட வரவில்லை.

20 ஏப்ரல்

பட்டனை அமத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை, பிழைச் செய்தியும் இல்லை, வெள்ளைக்காரர் மட்டும் முறையிடுகினம் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்காமலே சொல்வேன்: 'வெளிநாடு' என்று தெரிவுசெய்தால் அடையாள அட்டைப் பெட்டியை ஸ்கிரிப்ட் மறைக்கிறது, ஆனால் அதன் மேல் 'ரிக்வயர்ட்' இன்னும் உட்கார்ந்திருக்கிறது. மறைந்த பெட்டி வெறுமையாக இருக்கிறது என்று பிரவுசர் மறிக்கிறது. எங்கே பிழை என்று காட்ட அந்தப் பெட்டிக்குப் போக வேண்டும், போக இடம் இல்லை. குரோமில் நிரல் எழுதுகிறவர் மட்டும் திறந்து பார்க்கிற கன்சோலில் ஒரு வரி முணுமுணுக்கும். கடற்கரையில் நின்று போனில் நிரப்புகிறவருக்குக் கன்சோல் எங்கே?

வழி: அடையாள அட்டைப் பெட்டியை ஒரு 'பீல்ட்செட்'டுக்குள், அதாவது பெட்டிகளைச் சேர்த்துக் கட்டுகிற சட்டகத்துக்குள் வையுங்கோ, வெளிநாட்டவருக்கான பாஸ்போர்ட் பெட்டியை இன்னொன்றுக்குள். மறைக்கும்போது முழு பீல்ட்செட்டையும் 'டிஸேபிள்ட்' ஆக்குங்கோ. அப்படி முடக்கிய பெட்டியைப் பிரவுசர் சோதிக்காது, சேர்வருக்கு அனுப்பவும் அனுப்பாது. காட்டும்போது திரும்பத் திறந்துவிடுங்கோ.

மறைக்கிற வேலையையும் ஸ்கிரிப்டே செய்யட்டும், தோற்றத்தை எழுதுகிற சி.எஸ்.எஸ்ஸில் முன்கூட்டியே மறைத்து வைக்காதேங்கோ. நெட்வேர்க் இழுபட்டு ஸ்கிரிப்ட் வராமல் போனால் இரண்டு பெட்டியும் தெரியும், நிரப்புகிறவர் தனக்கு உரியதை நிரப்புவார். அந்த நிலைமைக்காக 'ரிக்வயர்ட்'டையும் ஸ்கிரிப்ட் ஏற்றட்டும்.

21 ஏப்ரல்

பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வருகிறது என்ற கேள்விக்கு: பிரவுசர் தன்னுடைய மொழியில்தான் பேசும், உங்கள் பக்கத்தின் மொழியில் அல்ல. எங்களுடைய ஆட்களில் பலருக்குப் போன் ஆங்கிலத்தில், வாசிப்பது தமிழில் அல்லது சிங்களத்தில். 'செட் கஸ்டம் வலிடிட்டி' என்பதைக் கொண்டு உங்கள் செய்தியைக் கொடுக்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தச் செய்தியைப் போட்ட கணத்தில் இருந்து பெட்டி பிழையாகவே கிடக்கும், ஆள் திருத்தின பிறகும். அவர் தட்டச்சு செய்யத் தொடங்கியதும், அதாவது 'இன்புட்' நிகழ்வில், வெறும் மேற்கோளைக் கொடுத்துச் செய்தியை அழிக்கவேண்டும். இதை விட்டுவிட்டு மணிக்கணக்காகத் தலையைச் சொறிந்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

செய்தியில் 'செல்லுபடியற்ற உள்ளீடு' என்றெல்லாம் எழுதாதேங்கோ. 'போன் நம்பரில் ஒரு இலக்கம் குறைகிறது' என்று எழுதுங்கோ.

21 ஏப்ரல், சின்னக் குறிப்பு

சிவப்பு ஓரம் மட்டும் போதாது. நிலாவெளி வெயிலில் போன் திரையைப் பாருங்கோ, மெல்லிய சிவப்பும் சாம்பலும் ஒன்றுதான். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு நிழலிலும் அப்படித்தான். பெட்டிக்குக் கீழே சொல்லாக எழுதி, முதல் பிழைப் பெட்டிக்குக் கர்சரைக் கொண்டுபோய் விடுங்கோ. ஒன்றும் நிரப்ப முதலே எல்லாம் சிவப்பாகக் கிடப்பது இன்னும் மோசம், வந்த ஆளை வாசலில் வைத்து ஏசுவது மாதிரி. 'யூசர் இன்வலிட்' என்ற புதிய சி.எஸ்.எஸ். தெரிவி ஆள் தொட்ட பிறகுதான் வேலை செய்யும், அதைப் பாவியுங்கோ.

24 ஏப்ரல்

போன் நம்பர். கந்தளாயில் இருந்து ஒருவர் பத்து இலக்கம், முதலில் 0 என்று பேட்டர்ன் எழுதிக் காட்டியிருக்கிறார். 026இல் தொடங்கும் வீட்டு நம்பருக்கும் 077 மாதிரியான கைபேசிக்கும் அது சரி. ஆனால் படகு ஏறுகிறவர்களில் ஜெர்மன்காரரும் பிரெஞ்சுக்காரரும் இருக்கினம். கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்த எங்கள் ஆட்களும் இருக்கினம், அவர்கள் வட்ஸ்அப் நம்பர் +1இல் தொடங்கும்.

வகையை 'நம்பர்' என்று போட்டவர்களுக்கு: போன் எண் கூட்டிக் கழிக்கிற எண் அல்ல. எண்ணாக மாற்றின உடனே முன்னால் இருக்கிற 0 பறந்துவிடும். 'நம்பர்' பெட்டியில் நீள எல்லையும் வேலை செய்யாது. 'டெல்' வகை போடுங்கோ, போனில் இலக்க விசைப்பலகை தானாக வரும்.

எழுதுகிற விதத்தில் எழுத விடுங்கோ, இடைவெளி, கோடு, அடைப்பு எல்லாம். பிறகு நீங்கள் வெட்டிச் சுத்தம் செய்யுங்கோ. 0இல் தொடங்கிப் பத்து இலக்கம் என்றால் 0ஐ எடுத்து 94 போடலாம். '+94 077' என்று இரண்டையும் சேர்த்து எழுதுகிற ஆட்களும் உண்டு, அந்த 0ஐயும் எடுங்கோ. மாமா வட்ஸ்அப்பில்தான் பதில் போடுகிறார் என்றால் இந்த வடிவம் நேரடியாக உதவும், வட்ஸ்அப் அரட்டையைத் திறக்கிற இணைப்பு நாட்டுக் குறியீட்டோடு வெறும் இலக்கமாகத்தான் நம்பரைக் கேட்கும். உலகத்தில் எந்த நம்பரும் 15 இலக்கத்தைத் தாண்டாது. அதற்கு மேல் நான் எதையும் மறிப்பதில்லை.

25 ஏப்ரல்

எழுத்து அமத்தினால் விழாமல் பண்ண 'கீடவுன்' நிகழ்வில் சோதிக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. கணினியில் ஓடும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் எந்த விசையை அமத்தினாலும் 229 என்ற ஒரே எண்ணைத்தான் தரும், விசைப்பலகை சொல்லைக் கோத்து முடியும்வரை. தமிழில் தட்டச்சு செய்தால் எழுத்துகள் பாதியில் உடையவும் கூடும். விடுங்கோ.

2 மே

திகதி ஒரு நாள் முந்திப் போகிறது. இதை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திகதிப் பெட்டி தருவது '2024-05-18' என்ற எழுத்து. நீங்கள் அதைப் பிரித்து ஆண்டு, மாதம், நாள் கொடுத்து ஒரு திகதிப் பொருள் செய்து, பிறகு 'டு ஐ.எஸ்.ஓ. ஸ்ட்ரிங்' கொண்டு திரும்ப எழுத்தாக்கியிருக்கிறீர்கள். அந்தப் பொருளுக்கு 18ஆம் திகதி நள்ளிரவு, இலங்கை நேரம். ஐ.எஸ்.ஓ. எழுத்து கிரீனிச் பக்கத்து நேரத்தில் வரும், நாங்கள் ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு. ஆகவே 17ஆம் திகதி மாலை 6.30. பத்து எழுத்தை வெட்டி எடுத்தால் 17. குடும்பம் 18 காலையில் கரைக்கு வரும், படகு நேற்றுக் காத்திருந்து போயிருக்கும்.

மருந்து: மாற்றவே மாற்றாதேங்கோ. பெட்டி தந்த எழுத்தை அப்படியே சேர்வருக்கு விடுங்கோ.

மாதம் 0இல் தொடங்குகிறது என்பதையும் இதோடு சொல்லி வைக்கிறேன். மே என்றால் 4. பிரெண்டன் ஐக் 1995 மே மாதம் நெட்ஸ்கேப்பில் பத்து நாளில் முதல் வடிவத்தைச் செய்து முடித்தாராம், திகதிப் பகுதியை ஜாவாவைப் பார்த்து எடுத்தார்கள். ஜாவாவில் இருந்த கோணல் இங்கேயும் வந்து நிற்கிறது. ஜாவா பிறகு திருந்திவிட்டது.

2 மே, இரவு

இன்றைக்கு முந்தின திகதியை மறிக்க 'மின்' பண்புக்கு ஸ்கிரிப்ட் மூலம் இன்றைய திகதி போடுவதிலும் அதே ஓட்டை உண்டு. நள்ளிரவில் இருந்து விடிய 5.30 வரை அது நேற்றைய திகதியைக் காட்டும். அந்த நேரத்தில் யார் பதிவு செய்வது என்று சிரிக்க வேண்டாம், கொழும்பு இரவு ரயிலில் வந்து இறங்கப் போகிறவர் ரயிலுக்குள் இருந்து செய்வார்.

ஐந்தரை என்றதும் ஞாபகம் வருகிறது. 1996 மே மாதம் நாட்டில் மணிக்கூட்டை ஆறரைக்குத் தள்ளினார்கள், அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறுக்கு இறக்கினார்கள், 2006 சித்திரைக்குத்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தப் பத்து வருடமும் எந்தக் காரியத்துக்கும் 'பழைய நேரமோ, புதிய நேரமோ' என்று கேட்டுத்தான் போவோம். பிரவுசருக்கும் அந்தக் கதை தெரியும். 1998 ஜனவரி 1 நள்ளிரவை மாற்றிப் பாருங்கோ, முதல் நாள் மாலை 6.30 அல்ல, 6 மணி என்று சொல்லும். இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோசம்.

3 மே

நவம்பர் முதல் பெப்ரவரி வரை திகதியைத் தெரிவுசெய்ய விடாமல் பூட்டலாமா என்று கேள்வி. வாடைக்காற்றில் கடல் குழம்பும், உண்மை. ஆனாலும் பூட்ட மாட்டேன். பெட்டிக்குக் கீழே 'இந்த மாதங்களில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், போனில் உறுதிசெய்த பிறகு வாருங்கள்' என்று ஒரு வரி காட்டுவேன், அனுப்பவும் விடுவேன். எந்த நாள் கடல் எப்படி என்று முடிவெடுப்பது மாமா. ஸ்கிரிப்ட் புறாத்தீவைக் கண்டதில்லை.

பெயர்ப் பெட்டியும் போன் பெட்டியும் கடைசியில் இங்கேதான் வந்து சேருகிறது. நிச்சயமாகப் பிழை என்று தெரிந்ததை மறிக்கலாம்: வெறும் பெட்டி, பூச்சியம் ஆள், கடந்த திகதி. சந்தேகம் என்றால் கேட்கலாம். இரண்டையும் குழப்பினதால்தான் சனம் படிவத்தை விட்டுவிட்டு நேரே போன் எடுக்கிறது.

9 மே

ஒரே ஆள் மூன்று தரம் பதிவு. கடற்கரையில் சிக்னல் ஒரு கோடு, அமத்தினால் ஒன்றும் அசையவில்லை, திரும்ப அமத்துவார், நானும் அப்படித்தான் செய்வேன். பட்டனை ஒரு தரத்தோடு முடக்கலாம், ஆனால் எங்கே முடக்குவது என்பது முக்கியம். பட்டனின் 'கிளிக்' நிகழ்வில் செய்தால், பெட்டி பிழையாக இருந்தாலும் பட்டன் செத்துவிடும், ஆள் திருத்தின பிறகு அமத்த ஒன்றும் இல்லை. படிவத்தின் 'சப்மிட்' நிகழ்வில் செய்யுங்கோ, பிரவுசரின் சோதனை எல்லாம் தேறின பிறகுதான் அது வரும். பட்டனின் எழுத்தையும் 'அனுப்புகிறது...' என்று மாற்றுங்கோ.

ஸ்கிரிப்டில் இருந்து நீங்களே அனுப்ப வேண்டி வந்தால் படிவத்தின் 'சப்மிட்' செயலைக் கூப்பிடாதேங்கோ. அது சோதனையையும் தாண்டும், 'சப்மிட்' நிகழ்வையும் எழுப்பாது. 'ரிக்வெஸ்ட் சப்மிட்' அவை இரண்டையும் மதிக்கும்.

சேர்வர் பக்கமும் ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் தரம் வந்தால் தள்ளிவிடுங்கோ.

10 மே

அனுப்பின பிறகு பின்னுக்குப் போனால் பட்டன் முடங்கியே கிடக்கிறது, பக்கத்தைப் புதுப்பித்தால்தான் சரிவருகிறது. நேற்றைய குறிப்பின் மிச்சம் இது. பின்னுக்கு அமத்தும்போது பிரவுசர் பக்கத்தைப் புதிதாக ஏற்றாமல், விட்ட நிலையில் அப்படியே நினைவில் இருந்து எடுத்துத் தரலாம். ஏற்றும்போது ஓடுகிற ஸ்கிரிப்ட் அப்போது திரும்ப ஓடாது. 'பேஜ்ஷோ' என்ற நிகழ்வு மட்டும் இரண்டு விதத்திலும் வரும். அதில் பட்டனைத் திறந்து, எழுத்தையும் பழையபடி மாற்றி, 'உள்ளூர், வெளிநாடு' தெரிவைப் பார்த்து பீல்ட்செட்டையும் சரிசெய்யுங்கோ. ஐபோனில் ஒருக்கா, ஆண்ட்ராய்டில் ஒருக்கா சோதித்துவிட்டு எழுதுங்கோ.